பூச்சி வரிசையில் நிற்காது

மழை எப்போதாவது வந்து தலையைக் காட்டிவிட்டுப் போகிற ஊரில் உட்கார்ந்துகொண்டு, ஈரத்தைத் தவிர வேறெதையும் கேட்காத செடியைப் படித்தவள் நான். நர்சரிக்காரர்கள் ஃபெர்ன் என்பார்கள். பாடப்புத்தகத்தில் பெரணி. பூக்காது, காய்க்காது, விதையும் கிடையாது. இதைச் சொன்னால் என் சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "அப்புறம் அதைய வச்சு என்னத்த பண்றது?" கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுக்கிறேன், பெரணிகளை இனம் பிரிப்பது என் ஆராய்ச்சி என்று விளக்கினால், "ஓ, கீரை டீச்சரா" என்பார்கள். சண்டை போட்டுப் பார்த்து அலுத்துப்போய், இப்போதெல்லாம் ஆமாம் என்று சொல்லிவிடுகிறேன்.

மலைப்பக்கம் போனால் பெரணிகள் கூட்டம் கூட்டமாக நிற்கும். எனக்கு வாய்த்த தலைப்போ மதுரை நகரத்துப் பெரணிகள். வாய்த்தது என்பதைவிட என் தலையில் கட்டினார்கள் என்பது சரி. முதலில் ஆத்திரமாகத்தான் வந்தது. பிறகு ஒரு விஷயம் புரிந்தது. மதுரையில் பெரணிக்கு வேண்டிய ஈரத்தை வானம் தருவதில்லை, பாத்ரூம் குழாய்கள் தருகின்றன. எங்கே கழிவுநீர்க் குழாய் ஒழுகுகிறதோ, எங்கே ஏ.சி. தண்ணீர் சுவரில் சொட்டுகிறதோ, அங்கே பச்சையாக ஒரு கொத்து கிளம்பியிருக்கும். ஆகவே என் களப்பணி என்பது கே.கே. நகர் வீடுகளின் பின்பக்கச் சந்துகளில் நின்று அடுத்தவர் வீட்டு பாத்ரூம் குழாயை அண்ணாந்து பார்ப்பதுதான். ஒருமுறை ஆரப்பாளையத்தில் ஒரு லாட்ஜுக்குப் பின்னால் லென்ஸும் கையுமாக நின்றுகொண்டிருந்தேன். மேனேஜர் வந்து, "யாரத் தேடுறீங்கம்மா, ரூம் நம்பர் சொல்லுங்க" என்றார். செடியைப் பார்க்கிறேன் என்றேன். "எல்லாரும் அப்பிடித்தாம்மா சொல்றாங்க" என்றார். எத்தனை பேர் அவரிடம் அப்படிச் சொல்லியிருப்பார்கள் என்று இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பெரணியை மேலே பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. மேலே பார்த்தால் எல்லாம் சீப்பு மாதிரிதான் இருக்கும். இலையைத் திருப்ப வேண்டும். அடிப்பக்கத்தில் பழுப்பாகப் பொட்டுப் பொட்டாக இருக்கும். ஒவ்வொரு பொட்டும் வித்துத்தூள் நிறைந்த குட்டிப் பைகளின் கூட்டம். செடி பரவுவது அந்தத் தூளால்தான். அந்தப் பொட்டு வட்டமாக இருக்கிறதா, கோடாக இருக்கிறதா, நடு நரம்பைச் சார்ந்திருக்கிறதா, ஓரத்தைப் பிடித்திருக்கிறதா, மேலே மூடி உண்டா, மூடி இருந்தால் அது என்ன வடிவம் என்று பார்த்தால் பெரும்பாலும் பேரினம் தெரிந்துவிடும். பேரினம் என்பது குடும்பப் பெயர் மாதிரி. அதற்குள் சிற்றினம் பிரிக்க வேண்டும். தண்டில் இருக்கும் செதிலின் நிறம், நரம்பு எங்கே கவட்டையாகப் பிரிகிறது, மைக்ராஸ்கோப்பில் வித்தின் தோல் வழவழப்பா சொரசொரப்பா என்று நோண்டிக்கொண்டே போகலாம்.

சிற்றினத்தில்தான் சண்டை வரும். செதிலில் நாலு மயிர் கூடுதலாக இருந்தால் போதும், இது தனி இனம் என்று ஒருவர் கிளம்புவார். அது வெயிலில் நின்றதால் வந்தது, எல்லாம் ஒன்றுதான் என்று இன்னொருவர் அதை இழுத்து உள்ளே போடுவார். இது போதாதென்று ஒரே செடிக்கு இரண்டு ஊரில் இரண்டு பேர் தனித்தனியாகப் பெயர் வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். இரண்டு பெயர்களும் வெவ்வேறு செடி என்று பல காலம் நம்பிக்கொண்டிருப்போம். ஒருநாள் யாராவது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். அவ்வளவுதான், இரண்டு ஒன்றாகிவிடும். என் கல்யாணத்தில் இவை அத்தனையும் நடந்தன.

எங்கள் வீட்டுப் போர்ட்டிகோவில் தொட்டியில் ஒரு பெரணி இருந்தது. நான் வைத்தது. வீட்டுக்கு வருகிறவர்கள் அதன் இலையைத் தூக்கிப் பார்த்து, "பூச்சி புடிச்சிருக்கே" என்று அம்மாவிடம் துக்கம் விசாரிப்பார்கள். அம்மா உடனே வேப்பெண்ணெய்க் கரைசலைப் பாட்டிலில் ஊற்றி அடிப்பார். அது பூச்சி இல்லை, அதுதான் அந்தச் செடியின் சந்ததியே என்று நான் கத்துவேன். "சந்ததியா இருந்தா இருக்கட்டும், பாக்க நல்லாவா இருக்கு" என்பார் அம்மா.

என்னைப் பெண் பார்க்க வந்தவர்களும் இப்படித்தான். தொட்டியைக் கடந்துதான் உள்ளே வரவேண்டும். ஒரு மாப்பிள்ளை, வங்கியில் வேலை, பூச்சி மருந்தின் பெயரை எனக்கு வாட்ஸப்பில் அனுப்பினார். இன்னொருவர் கல்யாணத்துக்குப் பிறகு இந்தச் செடி வேண்டாம், டெங்கு வரும் என்றார். முப்பதைத் தாண்டியிருந்தேன். அப்பா கவலையை வெளியே காட்ட மாட்டார். தல்லாகுளத்தில் ஒரு அரசு அலுவலகத்தில் சூப்பிரண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். காலையில் நெற்றி நிறைய விபூதி. தெருவில் யாராவது சிகரெட் பற்றவைத்தால் வீட்டுக்குள் இருந்தே இருமுவார். அவர் இருமல் சத்தம் கேட்டே எங்கள் தெருவில் இருவர் புகையை விட்டுவிட்டதாகச் சொல்வார்கள்.

அன்று வந்தவர் ஆரப்பாளையத்தில் பைப் கடை வைத்திருப்பவர். பி.வி.சி. குழாய், எல்போ, வாசர், மோட்டார் எல்லாம் விற்கிறார் என்று தரகர் சொல்லியிருந்தார். ஊரெல்லாம் ஒழுகலை நிறுத்துவது அவர் தொழில், ஒழுகினால்தான் எனக்குப் பிழைப்பு. இது எப்படி ஒத்துவரும் என்று எரிச்சலோடுதான் புடவை கட்டினேன். அவருடைய அப்பா காலமாகிவிட்டார். அம்மா மட்டும் வந்திருந்தார். கையில் ஒரு கறுப்பு ஹேண்ட்பேக், அதை மடியை விட்டு இறக்கவில்லை. கேசரியை ஒரு ஸ்பூன் எடுத்துவிட்டு, "நான் வெள்ளி செவ்வாய்ல வெங்காயம்கூட சேக்க மாட்டேன்" என்றார். யாரும் கேசரியில் வெங்காயம் போட்டிருக்கவில்லை.

மாப்பிள்ளை உள்ளே வரவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தொட்டிக்குப் பக்கத்தில் குனிந்து நின்று இலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு மனசுக்குள் ஒரு சலிப்பு. இதோ சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன். அப்பா வெளியே போய், "அது சும்மா பூச்சி தம்பி, வாங்க" என்றார்.

"பூச்சி இல்ல போலயே சார்," என்றார் அவர். "பூச்சி இம்புட்டு ஒழுங்கா வரிசையில நிக்காதே. நரம்புக்கு இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு, அளந்து வச்ச மாதிரி இருக்கு. யாரோ பிளான் போட்டு வச்சிருக்காக."

எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. அதை எப்படிச் சுற்றி வளைத்துச் சொன்னாலும் விஷயம் இதுதான். இத்தனை வருடத்தில் சொல்லிக்கொடுக்காமல் தானாக இலையைத் திருப்பி, தானாக அந்த வரிசையைப் பார்த்த முதல் ஆள். நானே காபியை எடுத்துக்கொண்டு வெளியே போய், அந்தப் பொட்டின் மேல் இருக்கிற மூடியை லென்ஸில் காட்டினேன். "கிட்னி மாதிரி இருக்கு" என்றார். ஆமாம், அதை வைத்துத்தான் இதன் பேரினத்தைச் சொல்கிறோம் என்றேன். உள்ளே பெரியவர்கள் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஜாதகம் ஏற்கெனவே பொருந்தியிருந்தது. பஜ்ஜி வந்தது. எல்லாம் முடிந்த மாதிரிதான்.

அவருடைய அம்மா நல்ல மனநிலையில் குலதெய்வத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். இதைத் தரகர் முதலிலேயே கேட்டு எழுதியிருந்தார். எங்களுக்குக் கண்மாய்க்கரை அய்யனார், அவர்களுக்குக் குதிரைக்கோயில் அய்யனார். இரண்டும் சோழவந்தான் தாண்டி எங்கோ. வேறு வேறு கோயில், ஆகவே சம்பந்தம் பண்ணலாம். ஒரே குலதெய்வம் என்றால் பங்காளி, அண்ணன் தங்கை முறை, அங்கே பேச்சே கிடையாது.

"எங்க கோயிலு வாசல்ல பெரிய ஆலமரம்," என்றார். "ரெண்டு பக்கமும் மண்குதிரை. இடது பக்கத்துக் குதிரைக்கு ஒரு காது ஒடைஞ்சு போயிருக்கும். ஒட்டவச்சா ஒட்டவே மாட்டேங்குது."

அம்மா பஜ்ஜித் தட்டோடு அப்படியே நின்றுவிட்டார். "வலது காதா?" என்றார்.

"ஆமா. ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

ஒரே செடிக்கு இரண்டு பெயர். கண்மாய்ப் பக்கத்தில் இருந்து போகிறவர்கள் ஒரு பெயர் சொல்கிறார்கள், ரோட்டுப் பக்கத்தில் இருந்து போகிறவர்கள் இன்னொரு பெயர் சொல்கிறார்கள். அப்பா மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றினார். அதுவரை "வாங்கம்மா, சாப்பிடுங்கம்மா" என்று சொல்லிக்கொண்டிருந்தவர், வேறு வழியில்லாமல், "மதினி, இன்னொரு பஜ்ஜி எடுத்துக்கங்க" என்றார். மதினி என்றால் அண்ணன் மனைவி. அந்த ஒரு சொல்லில் போர்ட்டிகோவில் நின்றிருந்த மாப்பிள்ளை எனக்கு அண்ணன் ஆகிவிட்டார். அவர் வாயில் பாதிப் பஜ்ஜி இருந்தது. அதைக் கடிப்பதா விழுங்குவதா என்று தெரியாமல் என்னைப் பார்த்தார். அவர் கிளம்பும்போது, முறைக்கு ஏதாவது சொல்லி அனுப்ப வேண்டுமே என்று அம்மா, "தங்கச்சிட்ட சொல்லிட்டுப் போங்க தம்பி" என்றார். அம்மாவிடம் நான் அதற்குப் பிறகு ஒருநாள் முழுக்கப் பேசவில்லை.

மறுநாள் வாட்ஸப்பில் ஒரு படம் வந்தது. ஒரு சுவரில் முளைத்த பெரணி, இலையைத் திருப்பிப் பிடித்து எடுத்தது. கீழே எழுதியிருந்தார்: "தங்கச்சின்னு கூப்பிடணுமாம். நான் கூப்பிடல. இதுல பொட்டு இல்ல, ஓரத்துல கோடா ஓடுது. இது வேற இனமா?" வேறு பேரினமே என்று பதில் போட்டேன். அதற்கு அடுத்த நாள் இன்னொரு சுவர். மதுரையில் எங்கே எது ஒழுகுகிறது என்று அவருக்குத் தெரியாத இடமே இல்லை. சரிசெய்யப் போகிற இடத்தில் முதலில் படம் எடுத்து அனுப்பிவிட்டு, "நீங்க பாக்குற வரைக்கும் குழாய அடைக்காம வச்சிருக்கேன்" என்று எழுதுவார். ஒரு வீட்டுக்காரர் அவரைத் திட்டியதாகவும் கேள்விப்பட்டேன். இப்படி ஒருவரை அண்ணன் என்று விட்டுவிட எனக்கு மனமில்லை. எனக்கு அவர் வேண்டும், அதுதான் விஷயம்.

அம்மாவிடம் போய்க் கேட்டேன். "ஒரே கோயில்னா எல்லாரும் பங்காளிதானா?"

அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னார். "கோயிலு ஒண்ணா இருந்தா மட்டும் பத்தாது. சாமியும் ஒண்ணா இருக்கணும். அந்தக் கோட்டைச் சுவருக்குள்ள அய்யனாரு நடுவுல இருக்காரு. பின்னாடி கருப்பு இருக்காரு, சோணை இருக்காரு, இன்னும் எம்புட்டோ சாமி. கருப்பு கும்புடுறவக சோணை கும்புடுறவக வீட்டுல பொண்ணு எடுப்பாக, குடுப்பாக. நாம அய்யனாரு, அவுகளும் அய்யனாரு. என்ன செய்ய?" இதைச் சொல்லும்போது அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரே கரண்டியைத் திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தார்.

கோயில் என்பது பேரினம், சாமி என்பது சிற்றினம். என் தொழிலையே என்னிடம் அம்மா சொல்கிறார். பேரினம் ஒன்று என்பதற்காக யாரும் சிற்றினத்தைப் பார்க்காமல் விடமாட்டார்கள். நாங்கள் அய்யனார் என்று சொல்வது மேலே தெரிகிற இலை. இதுவரை யாராவது திருப்பிப் பார்த்தார்களா? நான் உட்கார்ந்து யோசித்தேன். வருடா வருடம் கோயிலுக்குப் போவோம். அய்யனாருக்குச் சர்க்கரைப் பொங்கல் வைப்போம். வெள்ளைச் சாமி, சைவச் சாமி. பொங்கல் பொங்கியதும் அப்பா துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, "வாய்க்கால்ல தண்ணி வருதான்னு பாத்துட்டு வாரேன்" என்று கோயிலுக்குப் பின்னால் போவார். எங்களுக்கு அங்கே ஒரு சென்ட் நிலம்கூடக் கிடையாது. வாய்க்காலில் தண்ணீர் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன? திரும்பி வரும்போது ஏலக்காய் மென்றுகொண்டு வருவார். மறுநாள் எங்கள் வீட்டில் ஆட்டுக்கறி இருக்கும். பக்கத்து வீட்டு விசேஷம் என்பார்கள். அந்தப் பக்கத்து வீடு எது என்று இத்தனை வருடம் நான் கேட்டதே இல்லை.

அப்பாவிடம் நேராகவே கேட்டேன். "அப்பா, நம்ம சாமி அய்யனாரேதானா?"

"இத்தன வருசமா கும்புட்டுட்டு இப்ப வந்து சந்தேகமா? அங்கிட்டுப் போ," என்று டி.வி. சத்தத்தைக் கூட்டினார். விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. அதை மிகவும் கவனமாகப் பார்த்தார்.

இதற்கிடையில் பைப் கடைக்காரர் தன் வீட்டில் மல்லுக்கு நின்றிருக்கிறார். வேறு பெண் பார்க்க மாட்டேன், வேண்டுமானால் சாமியிடமே உத்தரவு கேட்போம் என்று சொல்லிவிட்டார். சாமியிடம் கேட்க வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாதே. சாமி எப்படியும் மாட்டேன் என்றுதான் சொல்லும் என்ற தைரியத்தில் அவர் அம்மாவும் சம்மதித்தார், என் அப்பாவும் சம்மதித்தார். கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பது என்று முடிவானது. வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனி வெற்றிலையில் மடித்துக் கட்டி, அய்யனார் முன்னால் போட்டு, ஒன்றை எடுத்துப் பிரிப்பார்கள். வெள்ளை வந்தால் கல்யாணம், சிவப்பு வந்தால் அண்ணன். பூக்காத செடியைப் படித்தவளின் வாழ்க்கை பூவில் வந்து நிற்கிறது. இதைச் சொல்லிச் சிரிக்கக்கூட அன்றைக்கு எனக்கு யாரும் இல்லை.

எல்லோரும் காலையிலேயே போய்ச் சேர்ந்தோம். காதொடிந்த குதிரை அப்படியே இருந்தது. அப்பாவின் சட்டைப்பையில் எதுவோ புடைத்துக்கொண்டிருந்தது, அவர் அதன் மேல் கையை வைத்தபடியே நடந்தார். மாப்பிள்ளையின் அம்மா கறுப்பு ஹேண்ட்பேக்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தார். பூசாரி வெற்றிலையைப் பரப்பிவிட்டுத் தலையைச் சொறிந்தார். "வெள்ளப் பூவ மறந்துட்டேன். தோட்டத்துல நந்தியாவட்டை நிக்கும், பறிச்சுட்டு வாரேன். சித்த இருங்க" என்று சைக்கிளில் ஏறிப் போனார்.

என்னால் அங்கே உட்கார முடியவில்லை. கோயிலுக்குப் பின்னால் படி வைத்த கிணறு ஒன்று உண்டு. சின்ன வயதிலிருந்தே எனக்குப் பிடித்த இடம். இறங்கினேன். பைப் கடைக்காரரும் பின்னாலேயே வந்து, நான் வழுக்கி விழுந்துவிடுவேன் என்று சொல்லி எனக்கு ஒரு படி மேலே நின்றார். உள்சுவர் முழுக்கப் பெரணி. குழாய் எதுவும் ஒழுகாமலே இவ்வளவு ஈரம் எப்படி என்று அவருக்கு ஆச்சரியம்.

"இதையும் அதையும் திருப்பிப் பாருங்க" என்றேன். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கொத்துகள். இரண்டிலும் இலையின் ஓரம் மடிந்து வித்துப்பைகளை மூடியிருக்கும். ஒன்றில் அந்த மடிப்பு ஓரம் முழுக்க ஒரே கோடாக ஓடும். இன்னொன்றில் துண்டு துண்டாக, ஒவ்வொரு துண்டும் தனித்தனிக் கவர் மாதிரி மடிந்திருக்கும். முதலாவது ஒரு பேரினம், இரண்டாவது வேறொரு பேரினம். ஒரே சுவர், ஒரே தண்ணீர், ஒரே நிழல். சேர்ந்து நிற்பதால் எல்லாம் ஒன்றாகிவிடாது என்று சொன்னேன். அவர் இரண்டு இலைகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அந்த வாடை வந்தது. சுருட்டு வாடை.

நாங்கள் இருவரும் படியேறிக் கிணற்றுச் சுவருக்கு மேல் தலையை மட்டும் நீட்டினோம். இடது பக்கம், இன்னொரு ஆலமரத்தின் விழுதுகளுக்கு நடுவில் கருப்பு சாமியின் பூடம். அதாவது செங்கல் மேடையும் அதில் நட்ட அரிவாளும். அதன் முன்னால் என் அப்பா. சட்டைப்பையில் இருந்து எடுத்த சுருட்டை வாயில் வைத்து, தீக்குச்சி கிழித்து, கையைக் குவித்துப் பற்றவைத்தார். முதல் இழுப்பிலேயே பற்றியது. மூக்கு வழியாகப் புகை வந்தது. அவர் இருமவே இல்லை. நன்றாகக் கனன்றதும் அதைப் பூடத்தில் வைக்கப் போனவர், யோசித்து, இன்னொரு இழுப்பு இழுத்துக்கொண்டார்.

"அங்க பாருங்க" என்று பக்கத்தில் நின்ற பைப் கடைக்காரர் என் தோளைத் தட்டினார். வலது பக்கம், பனைமரத்தடியில் சோணையின் பூடம். அதன் முன்னால் அவர் அம்மா. கறுப்பு ஹேண்ட்பேக்கைத் திறந்து, பட்டு ஜாக்கெட் துணியில் சுற்றிய ஒரு குவார்ட்டர் பாட்டிலை எடுத்தார். ஒரே திருகலில் மூடி கழன்றது. பூடத்தைச் சுற்றி ஊற்றிக்கொண்டே பேசினார்: "அவரு இருந்தா அவரே வந்திருப்பாரு. நான்தான் வர வேண்டியிருக்கு. வெளிய ஓம் பேரச் சொல்லலன்னு கோவிச்சுக்காத சோணை. டவுனுல குடியிருக்கமுல்ல."

"அந்தப் பைய நான்தாங்க வண்டியில வச்சுக் கொண்டாந்தேன்," என்றார் அவர், முகம் வெளிறிப் போய். "தொடாதடா, நகை இருக்குன்னாங்க. எங்களுக்கு அய்யனாருன்னுதான் எங்கிட்டயும் சொன்னாங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டேன். கீழே இறங்கித் தப்பிக்கவும் முடியாது, மேலே ஏறிக் காட்டிக்கொடுக்கவும் முடியாது. அதற்குள் இரண்டு பேரும் வேலையை முடித்துக்கொண்டு, பூசாரி வருவதற்குள் முன்பக்கம் போய்விட வேண்டும் என்ற அவசரத்தில், அய்யனார் கோயில் பின்சுவருக்கு வந்து நேருக்கு நேர் முட்டிக்கொண்டார்கள்.

அப்பா சுருட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். வைக்க மறந்து கையோடு கொண்டுவந்திருந்தார். புகை அவர் தலைக்கு மேலாக எழும்பியது. அந்த அம்மா காலி பாட்டிலை முந்தானைக்குள் மறைத்தார்.

"வாய்க்கால்ல தண்ணி வருதான்னு பாக்க வந்தேன் மதினி," என்றார் அப்பா.

"நானும் அதுக்குத்தேன் வந்தேன்," என்றார் அந்த அம்மா.

அப்பாவுக்குப் பின்னாலிருந்து புகை வந்துகொண்டே இருந்தது. அந்த அம்மா அதையே பார்த்தார். "கருப்புக்கா?" என்று மெதுவாகக் கேட்டார்.

அப்பா தலையை ஆட்டினார். பிறகு அவர் முந்தானையைப் பார்த்து, "ஒங்களுக்கு?" என்றார்.

"சோணை."

"அப்ப அய்யனாரு?"

"அவரு எல்லாருக்கும் பொதுவுல்ல," என்றார் அந்த அம்மா.

இரண்டு குடும்பமும் இத்தனை வருடம் ஊருக்கு முன்னால் அய்யனார் என்று சொல்லிக்கொண்டு, பின்பக்கம் வந்து வேறு வேறு சாமியைக் கும்பிட்டிருக்கிறது. அப்பா அதை மனசுக்குள் கூட்டிக் கழித்துப் பார்ப்பது கிணற்றில் இருந்தே எனக்குத் தெரிந்தது. நெற்றி சுருங்கியது, விரிந்தது. ஃபைலில் தவறு கண்டுபிடித்த சூப்பிரண்டின் முகம் அது. சுருட்டை முதுகுக்குப் பின்னாலிருந்து எடுத்து முன்னால் பிடித்துக்கொண்டார். இனி மறைக்க என்ன இருக்கிறது?

"அப்ப நீங்க மதினி இல்ல," என்றார். "சம்பந்தி."

நான் வேகமாக மேலே ஏறியதில் கால் வழுக்கிவிட்டது. மாப்பிள்ளை என் கையைப் பிடித்து இழுத்தார். என் கையில் கிணற்றுப் பெரணி ஒன்று வேரோடு வந்திருந்தது. அதை இன்றும் அழுத்திக் காயவைத்து வைத்திருக்கிறேன். ஆராய்ச்சிக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

பூசாரி நந்தியாவட்டையோடு வந்து சேர்ந்தபோது எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தோம். "பூக்கட்டலாமா?" என்றார். "மாலையாக் கட்டிக் குடுங்க" என்றார் அம்மா. எங்கள் வீட்டுக் கருப்பு விஷயம் அம்மாவுக்கு முன்பே தெரியும் என்பதை அவர் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "அவரு சொல்லட்டும்னு இருந்தேன். எனக்கென்ன, நான் கட்டிக்கிட்டு வந்தவ" என்றார்.

திரும்பும்போது வண்டியில் அப்பா என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஏலக்காய் மெல்லவில்லை, வாடை நன்றாகவே அடித்தது. ரொம்ப தூரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தவர் மெதுவாகச் சொன்னார். "கருப்பு, சுருட்டு, கிடாவெட்டுன்னு சொன்னா நல்ல எடத்துலருந்து வருவாகளோ மாட்டாகளோன்னு நெனச்சேன். ஒனக்காகத்தான் மாத்திச் சொன்னேன். நீ பொறந்ததுல இருந்து சொல்லிக்கிட்டு இருக்கேன். அதுவே கடைசியில..." முடிக்கவில்லை. அவரை நன்றாகத் திட்ட வேண்டும் என்று கோயிலில் இருந்தே வார்த்தைகளைச் சேர்த்துவைத்திருந்தேன். அழுகைதான் வந்தது. அவர் தோளில் சாய்ந்துகொண்டேன், சுருட்டு வாடையோடு.

கல்யாணப் பத்திரிகைக்கு மாதிரி அச்சடித்து வந்தது. எங்கள் குடும்பத்தில் இதுவரை அச்சடித்த எந்தப் பத்திரிகையிலும் உச்சியில் அய்யனார் துணை என்றுதான் இருக்கும். இந்த முறையும் அச்சகத்தார் பழைய வழக்கப்படி அதையே போட்டிருந்தார்கள். அப்பா என் லென்ஸை வாங்கி ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தார். பிறகு சிவப்புப் பேனாவால் அதை அடித்துவிட்டு, இடது மூலையில் கருப்பு துணை, வலது மூலையில் சோணை துணை என்று எழுதினார். இந்தப் பத்திரிகை கே.கே. நகர் முழுக்கப் போகும், தல்லாகுளத்தில் அவருடைய பழைய மேலதிகாரிக்கும் போகும். "இன்னுங் கொஞ்சம் பெருசாப் போடச் சொல்லு" என்றார்.

எதிர்வீட்டுக்காரருக்கு முதல் பத்திரிகை. வாங்கிக்கொண்டு கிளம்பியவர் வழக்கம்போல் தொட்டியில் ஒரு இலையைத் தூக்கிப் பார்த்து, "சார், இன்னும் பூச்சி போகலையே" என்றார். அப்பா லென்ஸை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார்.

"பூச்சி இல்லைங்க," என்றார். "அது குடும்பம். இப்பிடித் திருப்பிப் பாருங்க."